சூடானால் நிற்கும் ஸ்டார்ம்: ஈசியூவை மாற்றுவதா, எர்த்தைப் பார்ப்பதா?

14 செப்டம்பர் 2024, மன்னார்குடி வாசகரின் கேள்வி

வணக்கம் அண்ணே. என்னிடம் ஒரு சான் ஸ்டார்ம் இருக்கிறது. 90களின் கடைசியில் கோவாவில் செய்த அந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்தான். ஃபைபர் பாடி, ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் இன்ஜின். மாமா ஆசைப்பட்டு வாங்கி, அப்புறம் ஷெட்டில் போட்டு மூடிவிட்டார். நான் எடுத்து ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து ஒரே தொல்லை. காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. அரைமணி நேரம் ஓடிச் சூடானதும் பட்டென்று அணைந்துவிடுகிறது. பானட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் மறுபடி ஓடுகிறது. இன்னொன்று, ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, ஐடிலிங்கும் தடுமாறுகிறது. காட்டிய இடத்தில், ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது, கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் பெரிய தொகை ஆகும் என்கிறார்கள். நான் ஈசியூ தேட ஆரம்பிக்கட்டுமா?

14 செப்டம்பர், இரவு

தேட வேண்டாம் தம்பி. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லைட் போட்ட நொடியில் ரேடியேட்டர் தண்ணீர் சூடாகிவிடாது. அப்படியென்றால் அந்த முள் இப்போது காட்டுவது சூட்டை அல்ல. லைட்டுக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப நேர்வழி கிடைக்காமல் மீட்டர் போர்டின் எர்த்தில், அதாவது அது பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் வழியில், புகுந்து வருகிறது. முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

உங்கள் வண்டி ஃபைபர் பாடி என்பதை மறக்காதீர்கள். அம்பாசிடரிலோ மாருதியிலோ பாடி முழுக்க இரும்பு, அதுவே நெகட்டிவ். ஒரு லைட்டுக்கு எர்த் போனால் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூவில் ஒயரைக் கட்டி ஒப்பேற்றிவிடலாம். ஃபைபரில் கரண்ட் ஓடாது. ஒவ்வொரு லைட்டுக்கும், ஒவ்வொரு மோட்டாருக்கும் தனியாக ஒரு எர்த் ஒயர் வர வேண்டும். அவையெல்லாம் ஓரிரு போல்ட்டில் வந்து கூடும். அந்த போல்ட் துருப்பிடித்தால், வடிகால் அடைத்த வயலில் தண்ணீர் வரப்பு உடைத்துப் பக்கத்து வயலுக்குள் போகுமே, அதுபோலக் கரண்ட் அடுத்த கருவிக்குள் போகும். பாய்ச்சல் சரியாகத்தான் இருக்கும், வடிகால்தான் இருக்காது. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஃப்யூஸ், பாசிட்டிவ், ஸ்விட்ச் என்று பாய்ச்சல் பக்கமே தேடிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இரண்டு விஷயம் எழுதுங்கள். வண்டி அணையும்போது ஆர்.பி.எம். முள் உடனே பூஜ்யத்துக்கு விழுகிறதா, இல்லை இன்ஜினோடு சேர்ந்து மெதுவாக இறங்குகிறதா? அணைந்தபின் சாவியைப் போட்டால் பின்னால் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி ரீங்காரமிடுகிறதா?

15 செப்டம்பர்

எர்த்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்புக் குச்சியை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வேண்டாம், கம்பத்தின் ஈயத்தில். சிவப்புக் குச்சியை இன்ஜினில் சுத்தமான உலோகத்தில். பம்ப் ரிலேயை (பெட்ரோல் பம்ப்புக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்) கழற்றிவிட்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு புள்ளியுமே நெகட்டிவ் என்பதால் மீட்டர் கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக் கூடாது. 0.2 என்றால் நல்லது. 0.5 தாண்டினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு. இதே மாதிரி எல்லா லைட்டையும் போட்டுவிட்டு, மீட்டர் போர்டின் எர்த் ஒயரிலும் ஈசியூவின் எர்த் ஒயரிலும் பாருங்கள். அங்கே 0.1க்குள் இருக்க வேண்டும்.

ஈசியூ தன் சென்சார்கள் பலவற்றை 5 வோல்ட்டில்தான் படிக்கிறது. 12 வோல்ட் பல்புக்கு 0.3 ஒன்றுமே இல்லை, கண்ணுக்குக்கூடத் தெரியாது. 5 வோல்ட் சென்சாருக்கு அது பெரிய பிசகு. இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா சூடாக இருக்கிறதா என்பதையே ஈசியூ தப்பாகப் புரிந்துகொள்ளும்.

17 செப்டம்பர்

தஞ்சாவூரிலிருந்து ஒருவர், "எதற்கு இவ்வளவு? ஒயர் அறுந்திருக்கிறதா என்று மீட்டரின் பீப் வைத்துப் பார்த்தால் போதாதா?" என்று கேட்கிறார். போதாது ஐயா. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல பார்ட்டுகள் வீணாகக் குப்பைக்குப் போவது இந்த பீப்பால்தான்.

முப்பது இழை உள்ள ஒயரில் இருபத்தொன்பது அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பீப் என்று கத்தும். மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில். அதற்கு ஒரு இழை தாராளம். செல்ஃப் மோட்டார் கேட்பது நூறு ஆம்பியருக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 ஆம்பியர் ஓடும்போது 1.1 வோல்ட் விழுகிறது என்றால் அந்த இடத்தின் ரெசிஸ்டன்ஸ் 0.01 ஓம்கூட இல்லை. மீட்டரின் இரண்டு குச்சியையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். அந்தக் கருவியால் எப்படி 0.01 ஓமைக் கண்டுபிடிக்க முடியும்? கரண்ட் ஓடும்போது வோல்ட்டைப் பார்த்தால்தான் பிடிபடும்.

மீட்டரே இல்லாவிட்டாலும் ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பில் இரண்டு ஒயர் ஈயம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். சந்தேகப்படும் எர்த்துக்கும் பேட்டரி பாசிட்டிவ்வுக்கும் நடுவே போடுங்கள். பளிச்சென்று எரிந்தால் நல்ல எர்த், மஞ்சளாக அழுதால் கெட்ட எர்த். ஆனால் இந்த பல்பை ஈசியூவிலிருந்து வரும் ஒயர் எதிலும் வைத்துவிடாதீர்கள். அவ்வளவு கரண்டை அதன் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் தாங்காது. பல்பு சோதனை தடித்த ஒயர்களுக்கு மட்டும்.

21 செப்டம்பர்

மன்னார்குடித் தம்பியின் அளவு வந்துவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் நடுவே 1.1 வோல்ட். லைட் போட்டால் மீட்டர் போர்டு எர்த்தில் 0.7. படமும் அனுப்பினார். அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட், அதில் நான்கு லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) ஒன்றன்மேல் ஒன்றாக. பெயின்ட்டின் மேலேயே முடுக்கியிருக்கிறது. இரண்டு லக்கில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது, ஒன்றில் ஒயர் லக்கிலிருந்து பாதி கழன்று தொங்குகிறது.

செய்ய வேண்டியது: பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். போல்ட்டை எடுத்து, இரும்புச் சட்டத்தில் லக் உட்காரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளிபோல் ஆக்குங்கள். லக்கின் இரண்டு முகத்தையும் தேயுங்கள். களிம்பு ஒயருக்குள் ஏறியிருந்தால், செம்பு சிவப்பாகத் தெரியும்வரை வெட்டிவிட்டுப் புது லக் போடுங்கள். முடுக்கியபின் மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். முதலில் உலோகத்தோடு உலோகம், அப்புறம்தான் ஜெல்லி. இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் நேராக ஒரு புது எர்த் பட்டையும் போட்டுவிடுங்கள். பழையதை எடுக்க வேண்டாம், இது கூடுதலாக இருக்கட்டும்.

22 செப்டம்பர்

செல்ஃப் அடிக்கும்போது 0.15 ஆகிவிட்டதாம். ஹெட்லைட் போட்டால் முள் அசையவில்லை, ஐடிலிங்கும் நிலையாக நிற்கிறதாம். வண்டி புதிதாகப் பிறந்ததுபோல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். படிக்க எனக்கும் சந்தோஷம்.

ஆனால் தம்பி, சூடானால் நிற்கும் பிரச்சினை போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். என் மனதில் அது வேறு கோளாறாக இருக்கலாம் என்றே படுகிறது. எர்த் கோளாறு சூடு பார்த்து வராது, லோடு பார்த்து வரும். மதிய வெயிலில் கும்பகோணம்வரை ஒரு சுற்று போய்விட்டு எழுதுங்கள்.

29 செப்டம்பர்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டது.

அந்த கேட்டைத் தெரியாதவர்கள் டெல்டாவில் கிடையாது. சரக்கு ரயில் ஒன்று ஷன்டிங் எடுத்தால் இரண்டு பக்கமும் பஸ் வரிசை நிற்கும். தம்பி இன்ஜினை அணைக்காமல் காத்திருந்திருக்கிறார். கேட் திறக்கிற நேரத்தில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஹாரன் சத்தம், நான்கு பேர் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். பாவம்.

ஆனால் அவர் கவனமாகப் பார்த்திருக்கிறார். இன்ஜின் அணையும் முன்பே ஆர்.பி.எம். முள் ஒரு நொடி பூஜ்யத்தில் விழுந்து எழுந்து, அப்புறம் நிரந்தரமாக விழுந்ததாம். இது தங்கமான தகவல். பெட்ரோல் வராமல் இன்ஜின் நின்றால் முள் இன்ஜினோடு சேர்ந்து மெதுவாக இறங்கும். சுற்றிக்கொண்டிருக்கும் இன்ஜினைப் பார்த்து முள் பூஜ்யம் காட்டுகிறது என்றால், இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தியே போய்ச் சேரவில்லை. அந்தச் செய்தியை அனுப்பும் கிராங்க் சென்சார், அதன் கப்ளர் (ஒயரைச் செருகும் இணைப்பு), அதன் ஒயர் இந்த மூன்றில் ஒன்று. சாவி கொடுக்கும் மெயின் சப்ளை அறுந்தாலும் இப்படி வரும். ஆனால் அப்போது டேஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்து அணைந்திருக்கும். அவை எரிந்துகொண்டிருந்தன என்கிறார்.

ஓடும்போது காற்று அடித்து இன்ஜின் அறை கொஞ்சம் குளிரும். நின்றால் சைலன்சர் சூடெல்லாம் மேலே ஏறி அங்கேயே தேங்கும். அதனால்தான் ரோட்டில் அணையாமல் கேட்டில் அணைந்தது.

30 செப்டம்பர்

ரெனோ இன்ஜின்களில் கிராங்க் சென்சார் கியர்பாக்ஸ் கூடும் இடத்தில், ஃபிளைவீலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். ஃபிளைவீல் பல் கடக்கும்போதெல்லாம் சுருளில் ஒரு சின்ன ஏசி வோல்ட் பிறக்கும். அதை எண்ணித்தான் ஈசியூ பிளக்குக்கு நெருப்பும் இன்ஜெக்டருக்குப் பெட்ரோலும் கொடுக்கிறது. அந்தத் துடிப்பு நின்றால் இரண்டையும் நிறுத்திவிடும், பம்ப்பையும் அணைத்துவிடும்.

அடுத்த முறை அணைந்தவுடன், சூடு ஆறுவதற்குள், கப்ளரைக் கழற்றி சென்சாரின் ஓமைப் பாருங்கள். வீட்டிலேயே ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கியும் பார்க்கலாம். பிளக் ஒயரைக் கழற்றிக் காற்றில் விட்டுவிட்டுச் செல்ஃப் அடித்து நெருப்பு பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். காயில் பிளக்குக்கு அனுப்பும் 25,000 வோல்ட் இறங்க வழி இல்லாமல் காயிலுக்குள்ளேயே ஓட்டை போடும். பெட்ரோல் வாடை இருந்தால் அதைவிட ஆபத்து.

2 அக்டோபர்

கும்பகோணத்திலிருந்து ஒருவர், "ஆல்டர்னேட்டரையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே, வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றினால் தெரிந்துவிடும்" என்கிறார்.

ஐயா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். யாரும் அதைச் செய்யாதீர்கள். டைனமோ காலத்து வண்டியில் தாத்தாமார் செய்தது அது. ஈசியூ உள்ள வண்டியில் பேட்டரிதான் அதிர்வு தாங்கி. ஓடும்போது அதைக் கழற்றினால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு கணத்தில் 80ஐத் தாண்டலாம். ஈசியூ, மீட்டர் போர்டு, ஆல்டர்னேட்டர் டயோடு எல்லாம் ஒரே நேரத்தில் போகும். இல்லாத ஈசியூ கோளாறை உண்டாக்குவது இப்படித்தான். என் பட்டறைக்கு இப்படிச் செத்து வந்த ஈசியூக்களை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்; நல்லபடி ஓடிக்கொண்டிருந்த வண்டிகள். மீட்டரை பேட்டரியில் வையுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5க்குள் இருந்தால் சார்ஜிங் சரி. அதே இடத்தில் மீட்டரை ஏசிக்கு மாற்றி 0.5க்கு மேல் காட்டினால் டயோடில் கோளாறு. வேலை முடிந்தது. எதையும் கழற்ற வேண்டாம்.

3 அக்டோபர்

செல்போனில் பார்க்கும் ப்ளூடூத் ஸ்கேனர் மாட்டச் சொல்கிறார்கள். நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி (ஸ்கேனர் படிக்கும்படி வண்டியே கோளாறைக் குறித்துவைக்கும் வசதி) கட்டாயம் ஆனதே 2010 வாக்கில்தான். இந்த வண்டி அதற்கு ரொம்ப முந்தியது. மீட்டரை நம்புங்கள்.

6 அக்டோபர்

பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு ஒரு துண்டு ஒயரால் நேராகப் பாலம் போட்டு ஓட்டலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. ரிலே கெட்டிருக்கிறதா என்று வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் பார்க்க அது சரி. அப்படியே ரோட்டில் ஓட்டக் கூடாது. விபத்தில் இன்ஜின் நின்றால் பம்ப் தானாக அணைய வேண்டும் என்பதற்காகத்தான் ஈசியூவின் கையில் அந்த ரிலே இருக்கிறது. பாலம் போட்டுவிட்டால், பைப் உடைந்த வண்டிக்குள் பம்ப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். அதுவும் ஃபைபர் பாடி. தீப்பிடித்தால் நிற்காது.

13 அக்டோபர்

சென்சார் அளவு வந்தது. குளிர்ந்திருக்கும்போது 220 ஓம், ஹேர் டிரையர் வைத்தால் 275. "ஓம் ஏறுகிறது, சென்சார் போய்விட்டது, சரிதானே அண்ணே?" என்று கேட்கிறார்.

இல்லை தம்பி. செம்பின் குணமே அதுதான். சூடு ஒரு டிகிரி ஏறினால் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 220 ஓம் இருந்தால் 100 டிகிரியில் 280 வர வேண்டும். உங்களுக்கு 275. கணக்குப்படி நடந்துகொள்கிற சென்சார் இது. சுருள் உள்ளே அறுந்திருந்தால் சூட்டில் மீட்டர் ஓ.எல். (கரண்ட் போக வழியே இல்லை) என்று காட்டும், அல்லது எண் ஆயிரங்களுக்குத் தாவும்.

அதனால் சென்சார் மேல் குற்றம் நிரூபணம் ஆகவில்லை. கப்ளரையும் ஒயரையும் இன்னும் பார்க்கவில்லை.

14 அக்டோபர்

எலி கடித்திருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குறுவை அறுப்பு முடிகிற நேரம் இது. வயலில் தின்ன ஒன்றும் இல்லை என்றால் வரப்பு எலியெல்லாம் வீடு, ஷெட், வைக்கோல் போர் என்று கிளம்பும். இன்ஜின் சூடு அதற்குப் பிடித்த இடம். எலியின் முன்பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத் தேய்க்காமல் இருக்க முடியாது. ஒயர் ஸ்லீவ் அதற்கு வசதி. எலி கடித்த ஒயரைக் கண்டுபிடிப்பது சுலபம்: இரண்டு பல்லின் தடம் ஜோடியாகத் தெரியும், கீழே ஸ்லீவ் துகள் கிடக்கும்.

விஷம் மட்டும் வைக்காதீர்கள். செத்த எலி ஹீட்டர் பெட்டிக்குள் போய்க் கிடந்தால் வண்டியில் உட்கார முடியாது. தெரு நாய் தின்றால் அதுவும் போகும். எங்கள் பக்கம் கிட்டி வைப்பார்கள். தஞ்சாவூர்க் கிட்டி என்றால் வேளாண்துறைக்காரர்களுக்கும் தெரியும். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டிய பொறி. சாயங்காலம் வயலில் நட்டுவைத்தால் காலையில் எலி மாட்டியிருக்கும். கிட்டி வைக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் ஊருக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். ஷெட்டைச் சுற்றி அவர்களைக் கொண்டு வைக்கச் சொல்லுங்கள். ராத்திரியில் பானட்டைத் திறந்தே வையுங்கள். வெளிச்சமும் காற்றும் இருந்தால் எலி தங்காது.

27 அக்டோபர்

காரைக்கால் அண்ணன் ஒருவர் பெரிய உதவி செய்திருக்கிறார். அவர் சொந்தக்காரர் பிரான்சில் இருக்கிறார். காரைக்காலில் அப்படி வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். இந்த டி7எஃப் இன்ஜின் அங்கே ட்விங்கோவிலும் கிளியோவிலும் ஓடியதால், வண்டியின் பெயரைச் சொல்லாமல் இன்ஜின் பெயரைச் சொல்லிக் கேட்டதும் கடையில் சென்சாரை எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். ஸ்டார்ம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஜின் பார்ட் தேடும்போது இன்ஜின் பெயரால் தேடுங்கள்.

தம்பி மாட்டிவிட்டார். கேட்டில் நின்று பார்த்தும் வண்டி அணையவில்லையாம். காரைக்கால் அண்ணன், "நான் முதலிலேயே சென்சார் என்றேனே" என்கிறார். பார்ப்போம். 275 ஓம் காட்டிய சென்சாரை என்னால் இன்னும் குற்றவாளியாக்க முடியவில்லை. சென்சாரை மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மாட்டியிருக்கிறார், ஒயர் அசைந்திருக்கிறது. அதனாலும் கொஞ்ச நாள் நன்றாக ஓடும்.

9 நவம்பர்

மறுபடியும் அணைந்துவிட்டது. வடுவூர் ஏரிக்கரையில், நல்ல மழையில். மழைத்தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று தம்பி பயப்படுகிறார். ஆர்.பி.எம். முள் அதேபோல் விழுந்து எழுந்து விழுந்தது என்கிறாரே, அதை வைத்துப் பார்த்தால் பழைய கோளாறேதான்.

இப்போது சென்சார் பக்கத்தை விட்டுவிட்டு மறுமுனைக்குப் போகலாம். பேட்டரியைக் கழற்றுங்கள். ஈசியூவின் பெரிய கப்ளரைக் கழற்றி, சென்சார் ஒயர் வரும் இரண்டு பின்னில் ஓம் பாருங்கள். சென்சாரை அங்கேயே மாட்டியபடி இருக்கட்டும். இப்படிப் பார்த்தால் சென்சார், அதன் கப்ளர், முழு நீள ஒயர் மூன்றும் ஒரே அளவில் வந்துவிடும். எண் 220க்குப் பக்கத்தில் வரும். மீட்டரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒயரை ஈசியூவிலிருந்து ஆரம்பித்து ஒரு சாண் ஒரு சாணாக வளைத்து, இழுத்து, முறுக்கிக்கொண்டே போகட்டும். பின்னுக்குள் மீட்டர் குச்சியைக் குத்திவிடாதீர்கள், வாய் அகன்றுவிடும். மெல்லிய கம்பியைப் பக்கத்தில் வைத்துத் தொட்டால் போதும்.

10 நவம்பர், காலை

பிடித்துவிட்டார்!

223 ஓம் காட்டிக்கொண்டிருந்த மீட்டர், கியர்பாக்ஸ் மேலே ஒயர் வளையும் இடத்தைத் தொட்டதும் ஓ.எல். விட்டால் 223. வளைத்தால் ஓ.எல். அந்த இடத்தில் ஒயர்க் கட்டை யாரோ பிளாஸ்டிக் டை போட்டு பிராக்கெட்டோடு இறுக்கியிருக்கிறார்கள். இன்ஜின் ஆடும், பிராக்கெட் ஆடாது. ஒவ்வொரு கியருக்கும் ஒயர் அதே புள்ளியில் மடங்கி நிமிர்ந்திருக்கிறது. ஸ்லீவில் கீறல்கூட இல்லை. எலியும் கடிக்கவில்லை. தம்பி அந்த இடத்தை பிளேடால் நீளவாக்கில் கீறிப் படம் அனுப்பியிருக்கிறார். உள்ளே செம்பு இழை எல்லாம் ஒரே கோட்டில் அறுந்து, இரண்டு முனையும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கிறது. குளிர்ந்திருந்தால் ஸ்லீவ் விறைப்பாக இரண்டையும் அழுத்திப் பிடிக்கிறது. சூட்டில் ஸ்லீவ் இளகினதும் முனைகள் விலகுகின்றன. பானட்டைத் திறந்து ஆற வைத்தால் ஏன் ஓடியது என்பதற்கும் இதுதான் பதில்.

10 நவம்பர், மாலை

சேர்க்கும் முறையை அவசரமில்லாமல் படியுங்கள். முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம்.

அறுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் செம்பு பளபளப்பாக இருக்கும் இடம்வரை வெட்டுங்கள். கறுத்த செம்பில் எந்த ஜாயின்ட்டும் நிற்காது. நடுவே புது ஒயர் சேர்க்கும்போது கொஞ்சம் நீளமாகவே விடுங்கள், இன்ஜின் ஆடினால் இழுபடாத அளவுக்கு. இரண்டு ஒயரும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வந்திருக்கும். புது ஒயரிலும் அதே முறுக்கை வையுங்கள், அது அலங்காரத்துக்கு இல்லை. பக்கத்தில் ஓடும் காயில், பிளக் ஒயர் சத்தமெல்லாம் இந்தச் சின்ன சிக்னலில் ஏறாமல் தடுப்பது அந்த முறுக்குதான். மேலே வலை மாதிரி ஷீல்டு இருந்தால் அது ஈசியூ பக்கம் மட்டும்தான் எர்த் ஆகியிருக்கும். சென்சார் பக்கமும் எர்த் கொடுத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் நல்ல கிரிம்ப் (ஒயரை அழுத்தி நசுக்கிப் பிடிக்கும் உலோகக் குழாய்), மேலே உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடாக்கினால் இரண்டு ஓரத்திலும் பசை ஒரு மணிபோல் பிதுங்கி வர வேண்டும். வந்தால் தண்ணீர் ஏறாது. இரண்டு ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக இருக்கட்டும்.

12 நவம்பர்

ஈயம் வைத்தால் இன்னும் பலமாக இருக்காதா என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். ஆடாத இடத்தில் ஈயம் நல்லதுதான், ரேடியோவுக்குள், மீட்டர் போர்டுக்குள். இன்ஜின் மேல் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரை ஒரு குச்சியாக்கிவிடும். குச்சி முடிந்து ஒயர் தொடங்குகிற புள்ளியில் ஆட்டமெல்லாம் குவிந்து அங்கேயே அறும். நெல் அறுவடை மெஷினில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். சீசனில் ராப்பகலாக அதிரும் மெஷின், ஈயம் வைத்த ஜாயின்ட் அந்த சீசனைத் தாண்டாது.

கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வண்டி வைத்திருந்தால், ஈயமுலாம் பூசிய செம்பு ஒயர் வாங்குங்கள். படகு ஒயரிங் செய்பவர்களிடம் கிடைக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபின் அந்தப் பக்கத்து வண்டிகள் பட்டறைக்கு வந்துகொண்டே இருந்தன. வெளியே புது ஒயர்போல இருக்கும், வெட்டினால் உள்ளே இழை முழுக்கக் கரி. உப்புத்தண்ணீர் லக் ஓரத்தில் நுழைந்து, ஸ்லீவுக்குள்ளேயே ஒரு முழம் ஏறியிருக்கும். மீட்டர் பார்க்க ஊசியால் ஸ்லீவைக் குத்துகிறவர்கள் அதற்குத்தான் கதவு திறந்துவிடுகிறார்கள். குத்தியே ஆக வேண்டும் என்றால், அப்புறம் அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

24 நவம்பர்

தம்பி இந்த மழையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டார். கும்பகோணம் போய் வந்தார், நீடாமங்கலம் கேட்டில் வேண்டுமென்றே இன்ஜினை அணைக்காமல் நின்றார், வேதாரண்யம்வரை மதியத்தில் போனார். முள் ஒரு தடவைகூட விழவில்லை. ஈசியூ மாமா வாங்கியபோது இருந்த அதே ஈசியூதான்.

எர்த் போல்ட்டில் ஜெல்லி இருக்கிறதா என்று தை மாதம் ஒரு தடவை பாருங்கள். மழைக்கு அப்புறம்தான் களிம்பு பூக்கும். செல்ஃப் அடித்து அந்த 0.15 இன்னும் 0.15தானா என்றும் பார்த்துவிடுங்கள்.

கழற்றிய பழைய சென்சாரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எறியாதீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை. முனையைத் துடைத்து, காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, மேலே "நல்லது, 220 ஓம்" என்று எழுதி டிக்கியில் போட்டு வையுங்கள்.